மாமிக்குத் தெரிந்த குதிரை

மாமி,

மூன்று நாளாக மழை விடவில்லை. பல்கனியில் துணி காயாததால், குதிரையேற அணியும் காற்சட்டையை உங்கள் அறையில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். தோய்த்த பிறகும் வியர்வையும் வைக்கோலும் கலந்த மணம் அதை விட்டுப் போகவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது, நீங்கள் கட்டிலில் கிடந்தபடி கேட்பது போலவே இருந்தது: “பிள்ளை, எங்கை போட்டு வாறாய்?”

முதல் தடவை நீங்கள் அப்படிக் கேட்டபோது நான் பொய் சொன்னேன். “மார்க்கட்டுக்கு, மாமி.”

“மார்க்கட்டிலை இப்ப குதிரையும் விக்கினமோ?”

நான் ஏன் ஒளித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தரமுல்லைக்கு அப்பால், வயலோரம் இருந்த அந்த லாயத்துக்கு மகளைக் குதிரையேறப் பழக்கத்தான் முதலில் போனேன். அவள் இரண்டு கிழமையில் விட்டுவிட்டாள். நாற்பத்து மூன்று வயதில் நான் பிடித்துக்கொண்டேன். பிறகு பாரிசவாதம் உங்கள் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது. விடிய எழும்பி உங்களைத் துடைத்து உடுப்பு மாற்றி, பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, புதுக்கடையில் சட்டத்தரணியின் கந்தோருக்கு வேலைக்கு ஓடுவேன். பின்னேரம் சமையல், மகளின் பாடம், உங்கள் மருந்து. குதிரையை விட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். விட முடியவில்லை. ஞாயிறு காலையில் உங்கள் மகன் உங்களோடு இருக்கும் இரண்டு மணித்தியாலத்தைத் திருடிக்கொண்டு போனேன்.

நீங்கள் ஏசுவீர்கள் என்று நின்றேன். நீங்களோ குரலைத் தாழ்த்தி, “மகனிட்டைச் சொல்லமாட்டன். ஆனா வரேக்குள்ளை ரெண்டு கட்டுக் கீரையாவது வாங்கிக்கொண்டு வா. வெறுங்கையோடை ஆராவது மார்க்கட்டாலை வருவினமோ?” என்றீர்கள்.

அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானங்கள் நம் இருவருக்குமாகின. உங்கள் மகன் உறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு உங்கள் பக்கத்தில் இருப்பேன். “சொல்லு, இண்டைக்கு நடையோ, ஓட்டமோ?” என்பீர்கள். கண்ணை மூடிக்கொள்வீர்கள். நான் மெனிக்காவைச் சொல்வேன். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த மண்ணிறப் பெட்டைக் குதிரை, நெற்றியில் வெள்ளைக் கீற்று, என் தோளில் மூக்கை வைத்து நீளமாக மூச்சு விடுபவள். வயலுக்கு மேலே பனி நிற்பதைச் சொல்வேன். நாங்கள் கிட்டப் போகக் கொக்குகள் ஒவ்வொன்றாக எழும்புவதைச் சொல்வேன். கீழே கடலோரம் ரயில் போகும். கட்டில் மெல்ல அதிரும். அந்த அதிர்வில், உங்கள் வலது கை படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கிழமை மெனிக்காவுக்குக் கால் நோ. ஏறவே இல்லை, உடம்பைத் தேய்த்துவிட்டு வந்தேன். உங்களுக்கு ஏமாற்றம் தர மனமில்லாமல், வாய்க்காலைத் தாண்டி ஓடினோம் என்று சொன்னேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே, “பொய். ஆனா நல்ல பொய். மிச்சத்தையும் சொல்லு” என்றீர்கள்.

பிறகு உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. இனிப் போகமாட்டேன் என்றேன். உங்களுக்குக் கோபம் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

“நீயும் வீட்டிலை இருந்தா நான் எங்கை போறது?”

அதனால் போனேன். அந்தக் கடைசி ஞாயிறும் போனேன். திரும்பி வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை.

எட்டாம் நாள், உங்களுக்குப் படைத்த எட்டுச் செலவு அன்று, உறவினர் எல்லாரும் இருக்கும்போது மச்சாள் கேட்டார்: “அம்மா போகேக்கை நீ எங்கை நிண்டனி?” உங்கள் மகன்தான் பதில் சொன்னார்: “அம்மாதான் அனுப்பினவ.”

நான் திகைத்துப் போனேன். அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எல்லாரும் போனபின் குசினியில், அடுப்படியில் வைத்துச் சொன்னார்.

“மூச்சு இழுக்கத் தொடங்கின உடனை உனக்குப் போன் எடுக்கப் போனனான். அம்மா என்ரை கையைப் பிடிச்சிட்டா. ‘எடுக்காதை. இப்ப அவள் ஓட்டத்திலை இருப்பாள்’ எண்டா. அப்பதான் எனக்கே தெரியும்.”

உண்மைதான், மாமி. அந்த நேரம் மெனிக்கா ஓடிக்கொண்டிருந்தாள். முதல்நாள் மழையில் வயல் வரம்பு நனைந்து கிடந்தது, வெயில் அப்போதுதான் ஏறியது. நான் எதையும் நினைக்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்துப் பல மாதம் வெட்கப்பட்டேன். லாயத்துப் பக்கமே போகவில்லை. வெட்கம் எப்போது போனதென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு எழும்பினேன், போனேன். அவர் தேநீர் ஊற்றித் தந்து அனுப்பினார்.

இப்போதும் வயல் முடியும் இடத்தில் மெனிக்காவைத் திருப்பப் போகும்போது, இன்னும் கொஞ்சத் தூரம் போவோமா என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘ஓம், போ’ என்கிறீர்கள் என்றுதான் எப்போதும் படுகிறது. கடிவாளத்தைத் தளர்த்திவிடுகிறேன்.