பன்னிரண்டு டிகிரியில் ஒரு மேடு

பெங்களூர்
6.11.1988

அன்புள்ள மாமாவுக்கு,

கிருஷ்ணம்மாள் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். அளவுத் தாள் மட்டும் வந்தது. கூட ஒரு வரி கடிதம் வைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

ஆன்டெனா தட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னோட்டம் என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கூட்டினால் அலை எந்தப் பக்கம் எவ்வளவு சிதறும் என்று தெரியும். மூன்று வருஷமாக என் ஆராய்ச்சியே இதுதான். என் கணக்குப்படி ஓரங்களில் சிக்னல் அடங்க வேண்டும். ஏற்காடு சோதனை நிலையத்தில் நீங்கள் விஜயதசமியன்று அளந்த தாளிலோ பன்னிரண்டு டிகிரியில் இரண்டு பக்கமும் சிக்னல் கோடு மேடாக எழுந்து நிற்கிறது. துண்டுகளை இன்னும் பொடியாக்கியும் பார்த்துவிட்டேன், எனக்கு மேடு வரவில்லை.

என் கைடு பாக்கியநாதன் சார், "அளவு பொய் சொல்லாதும்மா. மாதக் கடைசிக்குள் பொருந்தாவிட்டால் இந்த முறையை விட்டுவிடு" என்கிறார். விட்டால் மூன்று வருஷமும் போச்சு. தட்டு எங்காவது நெளிந்திருக்கிறதா, பாருங்களேன்.

உங்கள்,
கிருஷ்ணா


ஏற்காடு
11.11.1988

அன்புக் கிருஷ்ணாவுக்கு,

மாதப்பன். கோபித்துக்கொள்ளாதே, ஓயாத மழை. தட்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு நெளிவும் இல்லை.

ஒன்று சொல்கிறேன், வந்துவிடேன். கல்யாணமான நாலு வருஷத்தில் சேர்ந்திருந்தது நாலு மாதம் இருக்குமா? மஞ்சக்குட்டைப் பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லையாம். அம்மா தினமும், "ஏங்கண்ணு, நொம்ப நாளாச்சே, எம் மருமவ எப்பத்தான் நம்மூட்டுக்கு வரும்?" என்கிறாள். படித்தவரை போதாதா?

உன்,
மாதப்பன்


பெங்களூர்
17.11.1988

மாமாவுக்கு,

தோற்றுவிட்டேன். தட்டு சரியென்றால் கணக்குதான் தப்பு. முப்பதாம் தேதி ஆராய்ச்சியை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மூட்டை கட்டுகிறேன். அத்தையிடம் சொல்லுங்கள். உங்களைப் பார்க்க ஆசைதான். இப்படி வரத்தான் ஆசையில்லை.

கிருஷ்ணா


ஏற்காடு
24.11.1988

அன்புக் கிருஷ்ணாவுக்கு,

எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே! தப்பு என்னுடையது.

ஆயுத பூஜை பிலிம் ரோலை ஒண்டிக்கடை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்திருந்தேன். படத்தை இத்துடன் அனுப்புகிறேன். நானும் வாட்ச்மேன் வெங்கடாசலமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். தட்டின் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஆளுயர வாழைக்கன்று, பார்! ஜீப், ஜெனரேட்டர், கதவு என்று எல்லாவற்றிலும் வாழை கட்டியிருந்த வாரம். யார் கண்ணையும் உறுத்தவில்லை. விஜயதசமியன்று தொடங்கினால் ஜெயம் என்று மறுநாளே அளக்கப் போனேன். கன்றை அவிழ்க்கலாம் என்று கை வைத்தபோது வெங்கடாசலம், "ஏனுங்க, பூசை போட்டத மூணு நாளைக்கு முன்னால அவுக்கலாமுங்களா? ஆகாதுங்க" என்றார். விட்டுவிட்டேன், பிறகு அதை மறந்தே போனேன். வாழை முழுக்கத் தண்ணீர்; அலை அதில் பட்டுச் சிதறாமல் என்ன செய்யும்?

இன்று காலை மழை விட்டதும் திரும்ப அளந்தேன். புதுத் தாளும் உள்ளே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. நீ வருகிறேன் என்ற கடிதமும் அன்றுதான் வந்தது. மூன்று நாள் இரண்டையும் ஒரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆசை வெட்கம் அறியாது என்பது சரிதான்.

மாதப்பன்


பெங்களூர்
7.12.1988

என் அன்பு மாமாவுக்கு,

பொருந்திவிட்டது! கோட்டின் மேல் கோடு உட்கார்ந்துவிட்டது. சார் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "வாழையையும் சேர்த்துக் கணக்குப் போடும்மா" என்றார். இரண்டு தண்ணீர்த் தூண்களாகச் சேர்த்தேன். அதே பன்னிரண்டு டிகிரியில் மேடு எழுந்து நின்றது. ஹாஸ்டலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக அழுதேன். பிறகு ஒரு மாதப் பசியும் ஒன்றாக வந்தது.

அந்த மூன்று நாளைப் படித்தபோது கோபம் வராமல் இல்லை. ஆனால் எழுதினால் நான் வரமாட்டேன் என்று தெரிந்துதானே எழுதினீர்கள்? இன்னும் ஒரு வருஷம் பிடிக்கும், மாமா. அதற்குப் பிறகு அங்கே வந்துவிட்டால், நீங்களே போ என்று சொன்னாலும் போகமாட்டேன்.

உங்கள்,
கிருஷ்ணா