பதிவேட்டில் இல்லாத முதல் பக்கம்

கோபத்தோடும் பாசத்தோடும் என் அப்பாவுக்கு,

நம் ஊர்த் தேவாலயத்துக்கு நூறு வயது ஆகிறது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். சபை வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சபைப் பதிவேடுகளுக்குப் பொறுப்பாக இருந்து நீங்கள் இருபது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தேன். முதல் பக்கம் இல்லை. பிளேடால் அறுத்த ஓரம் மட்டும் இருந்தது.

யார் மேல் சந்தேகம் வரும்? சபைச் செயலர் சாமுவேல் மாமா மேல்தான். இந்த ஊரில் முதல் ஞானஸ்நானம் தன் தாத்தாவுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர். சபைநாள் விருந்தில் வருஷாவருஷம் முதல் இலை அவர் வீட்டுக்குத்தானே? முதல் குடும்பம் நாம்தான் என்று அத்தை முணுமுணுப்பாள். நீங்கள் வாயே திறக்காமல் இரண்டாம் பந்தியில் சாப்பிடுவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கமிட்டிக் கூட்டத்தில், போதகர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்தப் பக்கத்த எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏத்தா, இம்புட்டுப் பேசுறியே, உங்கப்பா இருக்கையில அவர்ட்டயே கேட்டிருக்கலாம்ல?"

என்ன நெஞ்சழுத்தம்! இறந்துபோனவர் மேல் பழி போடுகிறாரே என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன வாரம் உங்கள் வேதாகமத்தைத் திண்டுக்கல்லில் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். மறுநாளே கடைக்காரர் போன் செய்தார். "யக்கா, அட்டைக்குள்ள ஒரு தாள வச்சு ஒட்டியிருக்கு. செத்த வந்து பாத்துட்டுப் போங்க."

அதே பக்கம்தான் அப்பா. கோணல் இல்லாத உங்கள் பசை வேலை. முதல் வரியில் தாத்தா: இயேசுவடியான், கைக்குழந்தை. தாய் கருப்பாயி, கோயில் கட்டக் கல் சுமந்த கூலி. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியப்படவில்லை'. சாமுவேல் மாமாவின் தாத்தா நான்காவது வரியில்.

இதற்காகவா? உங்கள் அப்பாவுக்குத் தகப்பன் பேர் இல்லை என்று ஊர் சிரிக்கும் என்றா முதல் இடத்தையே விட்டுக்கொடுத்தீர்கள்? அம்மாவுக்குத் தெரியுமா? சாமுவேல் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் அவர் பேசாமல் இருந்தது நம் மானத்துக்காகவா, தன் இலைக்காகவா? அந்த மனுஷரை என்னால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. உங்களையும்தான்.

அந்த மனுஷி கருப்பாயி, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, துணைக்கு ஒரு ஆள் இல்லாமல், சபைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். தன் பேரைத் தைரியமாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். வெட்கப்பட்டது அவள் இல்லை, நீங்கள்தான். அது எனக்குப் பொறுக்கவில்லை அப்பா.

நாளை மலர் அச்சுக்குப் போகிறது. அந்த வரியை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் நானே எழுந்து சத்தமாக வாசிப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இது உங்கள் மகள் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கருப்பாயியின் கொள்ளுப்பேத்தி