பதினோரு நாள் வருகைப்பதிவு

இராயபுரம்,
மே 6.

அன்புள்ள உமைமாவுக்கு,

எல்சி எழுதுவது. நீயும் சௌக்கத் அலி அண்ணனும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நவம்பரிலிருந்து நீ என் அழைப்பை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினாலும் போய்ச் சேருவதில்லை. ஜாபர் சனிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புவதாகக் கடையில் சொன்னார். இதை உன் கையிலேயே கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதே. உள்ளே ஒரு படிவம் இருக்கிறது. அது நவ்ரீனுடையது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. எங்கள் வீட்டுக்காரர் பாஸ்கலுக்கு இரண்டாவது கண்ணிலும் அறுவை முடிந்துவிட்டது. இப்போது சுவரில் இருக்கும் விரிசல் எல்லாம் அவருக்குத் தெரிகிறது, அதனால் எனக்குத்தான் தொல்லை. மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. மீன் விலையைக் கேட்டுவிட்டு முட்டை வாங்கி வருகிறோம். கன்டெய்னர் லாரிகள் கல்லூரி வாசல்வரை வரிசையில் நிற்கின்றன.

நவ்ரீன் அறையில் கேரம் பலகை போட்டபடியே இருக்கிறது. சாயங்காலம் பாஸ்கல் தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் அவரே ஆடுகிறார். வெள்ளை தனக்கு, கறுப்பு நவ்ரீனுக்கு என்கிறார். தினமும் கறுப்புதான் ஜெயிக்கிறதாம்.

உன் மகளை என் வீட்டில் விட்டுவிட்டு நீ விமானம் ஏறிய அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நாம ரெண்டு பேரும் காலேஜுக்குப் போனோம், வந்தோம், அவ்ளோதான். இவளாவது அங்க கொஞ்சம் இருந்து பாக்கட்டும்டீ" என்றாய். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருபத்துநான்கு வருடமாக ஒத்திகை, போட்டி, முகாம் என்று வகுப்பை விட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரு சான்றிதழும் இரண்டு அரியரும் வாங்கிக்கொண்டு வெளியே போகிறார்கள்.

ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். முதல் பருவம் முழுவதும் நவ்ரீன் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். உடற்கல்வி இயக்குநர் ஃப்ரெடி மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையை ஒழித்து நான்கு கேரம் பலகைகளைப் போட்டார். அங்கே வணிகவியல் துறையில் படிக்கும் பச்சையம்மா என்ற பெண் இவளுக்கு இரட்டையர் ஆட்டத்தில் ஜோடியாக வந்தாள். எண்ணூர்க் குப்பத்துப் பெண், வாய் அதிகம். அதற்குப் பிறகு நவ்ரீன் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். விரல் நுனியில் பவுடரோடு வகுப்புக்கு வந்து, நான் கரும்பலகையில் எழுதியது தவறு என்று எழுந்து நின்று சொன்னாள். அது தவறுதான். இதை நான் உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

போன செப்டம்பரில் அவர்கள் இருவரும் கல்லூரிக்காக இரண்டு ஊர்களுக்குப் போனார்கள், மொத்தம் பதினோரு நாள். வெள்ளிப் பதக்கத்தோடு வந்தார்கள். அப்படிப் போன நாட்களை வகுப்புக்கு வந்த நாட்களாக எடுத்துக்கொள்ள ஒரு படிவம் உண்டு, ஓ.டி. என்பார்கள். துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துறையில் அது நான்.

நவ்ரீன் அதைச் சாப்பாட்டு மேசையில், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்லூரிக் காகிதத்தை வீட்டில் எடுக்காதே, மற்றவர்களைப் போலத் துறைக்கு வந்து கொடு என்றேன். மறுநாள் வரிசையில் நின்று கொடுத்தாள். தவறவிட்ட மூன்று வகுப்புத் தேர்வுகளையும் எழுதிவிட்டு வா, அப்புறம் போடுகிறேன் என்றேன். இது என் துறையில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அவள் என் வீட்டில் சாப்பிடுகிறவள் என்பது அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவளிடம் கொஞ்சம் கூடுதலாகவே கறாராக இருந்தேன்.

இரண்டு தேர்வு எழுதினாள். மூன்றாவதற்குள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தது நான்தான். படிவம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. வருகைப்பதிவை முடிக்கும் தேதியை ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் தள்ளி வைப்பார்கள், இந்த வருடமும் தள்ளுவார்கள் என்று இருந்தேன். தரச்சான்று ஆய்வுக் குழு வரப்போகிறது, எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று இந்த முறை தள்ளவில்லை. கணினியில் அவளுக்கு அறுபத்துநான்கு சதவீதம் என்று காட்டியது. அபராதம் கட்டிப் பருவத் தேர்வு எழுதவே அறுபத்தைந்து வேண்டும். அந்தப் பதினோரு நாளைச் சேர்த்திருந்தால் எழுபத்தாறு. முதல்வர் அறை வாசலில் மூன்று நாள் நின்றேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே மேடம், நீங்களே சொல்வீர்களே என்றார்.

பச்சையம்மா தேர்வு எழுதினாள், தேறிவிட்டாள். அவர்கள் துறைத் தலைவர் தேநீர் குடித்துக்கொண்டே படிவக் கட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போடுகிறவர். அக்டோபரிலேயே அவள் நவ்ரீனைக் கிண்டல் செய்தது என் காதில் விழுந்தது. "இன்னாடி, உங்க மேடம் கையெழுத்துல தங்கமா கீது? எங்க சாராண்ட குடு, உன் துறைக்கும் சேத்து அவரே போட்ருவாரு" என்றாள். நானும் சிரித்துக்கொண்டேன். முடிவு வந்த அன்று நேரே என் அறைக்கு வந்துவிட்டாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க நியாயம் பாத்தீங்க மேடம். எங்க சாரு எதையும் பாக்காம போட்டாரு. நான் பாஸு. அவ வூட்ல குந்திகினு கீறா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் ஆய்வுக் குழு வந்தது. வாசலில் எட்டடிப் பதாகையில் நவ்ரீனும் பச்சையம்மாவும் கோப்பையோடு சிரிக்கிறார்கள். பாடத்துக்கு வெளியேயான ஈடுபாடு மாணவர் வாழ்க்கையை எப்படி வளப்படுத்துகிறது என்று குழுவுக்கு ஒரு பக்கம் எழுதும் பொறுப்பை முதல்வர் எனக்குக் கொடுத்தார், நன்றாக எழுதுகிறவள் என்று. எழுதினேன். அந்தப் பெண் வகுப்பில் எழுந்து நின்றதை எழுதினேன். கடைசி வரியில், படத்தில் இடது பக்கம் நிற்பவர் வருகைக் குறைவால் தேர்வு எழுத அனுமதிக்கப்படவில்லை என்றும் எழுதினேன். முதல்வர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டார். மிகவும் உருக்கமாக இருக்கிறது என்று குழுவில் ஒருவர் பாராட்டினாராம். பதாகை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. லாரிப் புகையில் அவள் முகம் கறுத்துவிட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

பாதுகாவலர் இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு உன் கொழுந்தனார் காலித் பெயரைப் போடச் சொன்ன உன் கடிதத்தை அலுவலகத்தில் பார்த்தேன். சரிதான். நவ்ரீனைப் பார்க்க மாத்தூருக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஜூனில் நவ்ரீனை ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொள்ளப் போகிறாய், அங்கே கடையைப் பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிப்பாள் என்றார். நவ்ரீன் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நல்லா இருக்கீங்களா மேம் என்று கேட்டாள். வீட்டில் என்னை அவள் ஒருநாளும் மேம் என்று கூப்பிட்டதில்லை, ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, ஃப்ரெடி சார் பலகைகளை மழையில் நனையாமல் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டாள்.

அஞ்சல் வழியிலும் பட்டம் கிடைக்கும், உமைமா. மதிப்பெண்ணும் கிடைக்கும். அதற்குப் படிக்கட்டு இல்லை, அதற்குக் கீழே ஓர் அறை இல்லை, அங்கே பச்சையம்மா இல்லை. போனாள், வந்தாள் என்றுகூட அதைச் சொல்ல முடியாது.

விட்ட பருவத்தில் மறுபடி சேர்வதற்கான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லா இடமும் நிரப்பியாகிவிட்டது. மே முப்பது கடைசி நாள், இனி எந்தத் தேதியும் தள்ளிப்போகும் என்று நான் நம்புவதில்லை. தாய் அல்லது தந்தை கையெழுத்துதான் செல்லும். போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள், அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். எனக்கு அனுப்ப வேண்டாம், நவ்ரீனுக்கு அனுப்பு. அவள் மாத்தூரிலிருந்தே வந்து போகட்டும். என் துறையே வேண்டாம் என்றால் வணிகவியலுக்கு மாற்ற முடியுமா என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பழைய ஓ.டி. படிவத்தையும் கூடவே வைத்திருக்கிறேன். பதினோரு நாளுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்றைய தேதியோடு. அது இனி யாருக்கும் பயன்படாது. நீ பார்க்க வேண்டும் என்று வைத்தேன்.

புதிய படிவத்தில் நீ போட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். என்னிடம் பேச வேண்டாம். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம். நான் போடாமல் வைத்திருந்ததைப் போல நீயும் வைத்துவிடாதே.

உங்கள் மூவருக்காகவும் ஜெபிக்கிறேன்.

எல்சி