வாடகை மண்ணில் நஞ்சுக்கொடி

மார்ச் 7, 2023, செவ்வாய்

வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டுமாம்.

"கோவிச்சுக்காத ரோங்கோ. ஆக்லாந்துல இருந்து என் தங்கச்சி மகன் வர்றான். டூரிஸ்ட்டுக்கு விடணுமாம். நீச்சல் குளம் வேற கட்டப் போறான்."

கடல் எதிரிலேயே இருக்கிறது, குளம் எதற்கு என்று கேட்டேன். "கடல்ல குளோரின் இல்லைல்ல" என்று அவரே சிரித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எரிச்சல்.

கூராவுக்கு ஏழாவது மாதம். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 8

சொன்னேன். "அதுக்கென்ன, பார்ப்போம்" என்றாள். அப்புறம் மீன் கழுவுகிற சாக்கில் கொல்லையில் நின்று அழுதாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 16, வியாழன்

வலச்சுற்று பஸ் ஓட்டுகிறவனுக்கு இந்தத் தீவில் தெரியாத வீடு கிடையாது. ராரோடோங்காவில் ஒரே ரோடு, அதுவும் வட்டம். தினமும் எல்லா வாசலையும் பார்த்துக்கொண்டே போகிறேன். எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது! ஓட்டின் மேல் கொடி ஏறி, ஜன்னல் வழியே மரம் முளைத்து... சொந்தக்காரர்கள் எல்லாம் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும். வாடகைக்கு விடவும் மாட்டார்கள், விற்கவும் முடியாது. நிலம் குடும்பத்துக்குச் சொந்தம், குடும்பமோ நாலு நாட்டில்.

பூட்டாத வீடெல்லாம் டூரிஸ்ட்டுக்கு. நான் ஒரு மாதம் கொடுக்கிற வாடகையை அவன் மூன்று ராத்திரியில் கொடுத்துவிட்டுப் போகிறான். வீட்டுக்காரர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. எனக்கொரு வீடு இருந்தால் நான் மட்டும் என்ன செய்வேனாம்?

மார்ச் 18, சனி

அரோராங்கியில் ஒரு வீடு பார்க்கப் போனோம். அந்த அம்மாள் கூராவின் வயிற்றைப் பார்த்தாள்.

"நீங்க எந்தத் தீவு?"

"மௌக்கே" என்றேன். இங்கிருந்து விமானத்தில் போக வேண்டிய சின்னத் தீவு.

"அட, நல்ல ஜனங்க" என்றாள். "ஆனா பாருங்க, இங்க தண்ணிக் கஷ்டம்."

அவள் பின்னால் தோட்டத்தில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 31

பூனா வீட்டுக்கு மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தோம். கூராவின் அண்ணன். அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார். கூடத்தில் எங்கள் மெத்தை. பாத்ரூம் போகிற ஒவ்வொருவரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோ மாப்ள" என்றார் பூனா. மனசார சொன்னார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மே 4, வியாழன்

பெண். பெண் பிறந்திருக்கிறாள்! கூரா நன்றாக இருக்கிறாள்.

மௌக்கேயிலிருந்து அத்தை, கூராவின் அம்மா, போன் செய்தாள். தன் தாயின் பெயரான இனாவை வைக்க வேண்டும் என்று அங்கிருந்தே பேர் வைத்துவிட்டாள். போனை என் மகள் காதில் வைத்தேன். காட்டுக்கத்தல் கத்தினாள். "சம்மதம்ங்கறா" என்றாள் அத்தை.

நஞ்சுக்கொடியை நர்ஸ் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். ஐஸ்கிரீம் டப்பா, நாங்கள் கொண்டுபோனதுதான், எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோவார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. எங்கே புதைப்பது?

எங்கள் அப்பா என் கொடியை மௌக்கேயில் புதைத்து, மேலே தென்னை நட்டார். கூராவுக்கு அங்கே எலுமிச்சை இருக்கிறது. இவளுக்கு? பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போது விமானம் ஏற முடியாது, ஏறக் காசும் இல்லை. அடுத்தவர் மண்ணில் புதைப்பது முறையில்லை. கொடி எங்கே கிடக்கிறதோ பிள்ளை அந்த மண்ணைச் சேர்ந்தது.

பூனாவின் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.

மே 14, ஞாயிறு

பூனா சர்ச்சிலிருந்து வந்து, கிண்ணமும் கரண்டியுமாக ஃப்ரீசரிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூடியின் மேல் பேர் எழுதக் கூடாதா என்று என்னைத்தான் திட்டினார். கூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "மீன் பக்கத்துல கெடக்குது ரோங்கோ. என் பிள்ளையோட கொடி."

மே 24, புதன்

வீடு கிடைத்துவிட்டது! முழு வீடு!

டிட்டிகாவேக்காவில் நூரோவா அம்மா பஸ் ஏறினாள். வழக்கமாக ஸ்கூட்டரில் பறக்கிறவள், எழுபது வயதிலும் தலையில் பூ வளையத்தோடு என் பஸ்ஸையே முந்திக்கொண்டு போவாள். ஸ்கூட்டர் ரிப்பேராம். எனக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஏன்டா, செத்த மீன் மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?" என்றாள். சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கென்று கட்டிய வீடு சும்மா கிடக்கிறதாம். பிள்ளைகள் சிட்னியில்.

"கூரை ஒழுகும், நீயே பார்த்துக்கோ. வாடகை உன்னால ஆனத குடு. ஆனா டிசம்பர் வரைக்கும்தான். அப்புறம் டூரிஸ்ட்டுக்கு விடணும்னு மகன் மாரா ஒத்தக்கால்ல நிக்கிறான். நானும் சரின்னுட்டேன்."

டிசம்பர் எங்கேயோ இருக்கிறது!

ஜூன் 3, சனி

குடி வந்தோம். வாசலில் அவர்கள் குடும்பத்துக் கல்லறைகள், வெள்ளை அடித்து, பூ வைத்து. கூரா முதலில் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் படி ஏறினாள். மழை வந்தது. மூன்று இடத்தில் ஒழுகியது. இருந்த பாத்திரத்தையெல்லாம் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று.

ஜூன் 11, ஞாயிறு

காலையில் பூனா டப்பாவோடு வந்து நின்றார். நேற்றிலிருந்து அவர்கள் பக்கம் கரண்ட் இல்லை. டப்பாவிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜே இல்லை.

நூரோவா அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். கல்லறைகளைத் தாண்டி, வேலி ஓரமாகக் குழி வெட்டினேன். கூரா துணியில் சுற்றி வைத்தாள். மேலே ஒரு சீமைப்பலாக் கன்று.

"அவங்கள கேட்டியா?"

"சர்ச்சுல போய்க் கேக்கவா? வந்ததும் சொல்லிக்கலாம்."

வந்தாள். நான் சொல்லவில்லை. கூரை வேலை பார்ப்பது போல மேலேயே இருந்துவிட்டேன். ஏன்?

கெட்டுப்போய்விடக் கூடாதே என்றுதான் புதைத்தேன். அவ்வளவுதானா? டிசம்பர் ஞாபகம் எனக்கு வரவே இல்லையா?

ஜூன் 12, திங்கள்

பார்த்துவிட்டாள். புது மண், புதுக் கன்று, கைக்குழந்தை உள்ள வீடு. இந்தத் தீவில் பிறந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வாடகைக்கு இடம் கேட்டியா, வேர் விட இடம் கேட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "பேசாத! கொடி கெடக்கற எடத்துல இருந்து ஒரு பிள்ளைய வெளிய போன்னு நான் எப்படிடா சொல்லுவேன்? ஊர் என் மூஞ்சியில துப்பாது? தெரிஞ்சேதான பண்ணின? நான் சாமி கும்பிடப் போன நேரம் பார்த்து!"

அவள் சொன்னதில் எது பொய்?

மத்தியானத்துக்குள் தீவு முழுக்கச் சுற்றிவிட்டது, என் பஸ்ஸைவிட வேகமாக. அவாருவா ஸ்டாப்பில் ஏறிய ஒருவர், "என்ன ரோங்கோ, ஒரு கன்னுல நிலம் வாங்கிட்டியாமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வெட்கமாப் போச்சு. வண்டிய அப்படியே விட்டுட்டு எறங்கி ஓடிடலாம்போல இருந்துச்சு.

ஜூன் 14, புதன்

மாரா சிட்னியிலிருந்து பேசினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"தோண்டி எடுத்துட்டு சனிக்கிழமைக்குள்ள கெளம்பிடுங்க. எங்கம்மா தனியா இருக்காங்கன்னுதான இப்படிப் பண்ணீங்க?"

கூரா துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். "போலாம். பூனா கூடத்துக்கே போலாம். ஆனா தோண்டற வேலைய நீயே பாரு. நான் பார்க்க மாட்டேன்."

ஜூன் 17, சனி

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கூரா குழந்தையோடு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். கன்றைச் சுற்றி ஒரு பிடி மண்தான் தள்ளியிருப்பேன், நூரோவா அம்மா வந்து எதிரே நின்றாள்.

"என்ன பண்ற?"

"நீங்க சொன்னதத்தான்."

"நான் எப்படா சொன்னேன்? அவன் சொன்னான். அங்க உக்காந்துக்கிட்டு."

"நாங்க போயிடறோம்மா. உங்கள மாட்டிவிடணும்னு நினைக்கல..." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டேன். "இல்ல. கொஞ்சம் நினைச்சேன்போல."

"நினைச்சிருப்ப. உன் நெலமைல நானும் நினைச்சிருப்பேன். ஆனா வாயத் தொறந்து கேட்டிருப்பேன்."

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "மம்பட்டிய வை. வெச்சது தப்பு. வெச்சத எடுக்கறது அதவிடப் பெரிய தப்பு."

கல்லறைத் திண்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள், புருஷன், அம்மா, அப்பா.

"எல்லாரும் வாசல்லயே இருக்காங்க. என் மூத்தவ மிரியாமா மட்டும் இல்ல. சிட்னி ஆஸ்பத்திரில போயிட்டா. கொரோனாவுல எல்லையெல்லாம் மூடிக் கெடந்த வருஷம். கொண்டுவர முடியல, நானும் போக முடியல. போன்ல பார்த்தேன்டா, என் பிள்ளைய குழியில எறக்குறத போன்ல பார்த்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்த வாசல்ல நின்னு அந்தப் பேரச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு எவ்ளோ நாளாச்சு. உன் பொண்ணுக்கு அந்தப் பேர வை. எங்க பேரு வெச்சா எங்க பிள்ளை. எங்க பிள்ளையோட கொடி எங்க மண்ணுல கெடந்தா எவன் என்ன பேசுவான்? மாரா பேசுவானா?"

ஜூன் 18

கூரா ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கம்மா வெச்ச பேரு ரோங்கோ. ஒரு வீட்டுக்காக மாத்துவியா?" அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கூரையைப் பார்த்தேன். ஒழுகல் நின்ற கூரை.

ஜூன் 20, செவ்வாய்

வேலை முடிந்து வந்தபோது கூரா நூரோவா அம்மா வீட்டு வாசலில் இருந்தாள். அவளேதான் போயிருக்கிறாள். மிரியாமா எப்படி இருப்பாள் என்று கேட்டாளாம். சாயங்காலம் வரை அந்த அம்மாள் நிறுத்தாமல் சொல்லியிருக்கிறாள்.

"பயங்கரப் பிடிவாதமாம். டான்ஸ் ஆட எறங்கினா சர்ச் பெருசுங்ககூட வேடிக்கை பார்க்குமாம். ஒரு தடவ கோவத்துல அம்மா ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயி தீவையே ரெண்டு சுத்து சுத்திட்டு வந்தாளாம்." கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மளுதும் அப்படித்தான் கத்துது. வெச்சுக்கலாம்."

அத்தையிடம் நான்தான் சொன்னேன். "வீட்டுக்குப் பேர வித்துட்டியா மாப்ள?" போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 24

அத்தை இன்னும் பேசவில்லை. கூரா தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 5, சனி

மௌக்கேயிலிருந்து கப்பலில் ஒரு மூட்டை சேம்பு. மேலே பெரிய எழுத்தில் "இனாவுக்கு". கூரா மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நூரோவா அம்மா எழுத்தைப் படித்துவிட்டு, "ரெண்டு பேரு இருந்தா என்ன, வயிறு ஒண்ணுதானே" என்று பாதிச் சேம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 2, சனி

எழுதாமலே இருந்துவிட்டேன். டிசம்பர் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாள் தினமும் குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள், டிசம்பரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, நான் கேட்கவும் இல்லை. கூரா, "கேளு, இந்தத் தடவையாவது வாயத் தொறந்து கேளு" என்கிறாள்.

இன்று கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். நூரோவா அம்மா வாசல் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கரில். மாரா. ஃபோட்டோ எடுத்து அனுப்பு, கிறிஸ்துமஸுக்கு ஆள் வர்றாங்க, வீட்டைப் பற்றி நெட்டில் விளம்பரம் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான். படியிலேயே நின்றுவிட்டேன்.

"வீடு காலி இல்லடா" என்றாள்.

"அம்மா, அவங்கள டிசம்பர் வரைக்கும்தான்னு..."

"மெதுவாப் பேசு. உள்ள மிரியாமா தூங்குறா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதருகே கொண்டுபோனாள். பிறகு அவன் ஏதோ கேட்டான், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது.

"ம்ம்" என்றாள் அம்மா. "கீழ ரெண்டு பல்லு முளைச்சிருக்கு."