தாயத்தும் படத்தில் விழுந்தது

ஐப்பசி 1962, வெள்ளி இரவு

மின்சார நிலையத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் இறக்கும் இரும்புக் குழாயில், வெல்டர் மாரிமுத்து ஒட்டிய இணைப்பில் பழுது உண்டா என்று பார்க்க எக்ஸ்ரே போலக் கதிர்ப்படம் எடுத்தேன். அவருடைய முந்திய ஒட்டைப் பழுதென்று வெட்டிப் போட்டுவிட்டார்கள். இதுவும் தவறினால் வேலை போய்விடும்.

படத்தைக் கழுவிப் பார்த்தேன். ஒட்டில் பொத்தல் இருந்தால் கதிர் அங்கே கூடுதலாய்ப் புகுந்து கறுப்பாய் விழும். ஒட்டில் கறுப்பே இல்லை. ஆனால் ஓரத்தில் வெளிறிய நிழலாக ஒரு தாயத்து. படப் பொட்டலத்தைக் குழாயில் கட்டியவர் அவர்தான். பயத்தில் அதன் அடியில் தாயத்தைச் செருகியிருக்கிறார். தாயத்தின் இரு ஓரங்களும் வெளுத்திருந்தன; உள்ளே தகடு இருந்தால் நடுவிலும் வெளுப்பு விழுந்திருக்கும், அங்கே ஒன்றுமில்லை. மந்திரத் தகடு இல்லாத வெறுங்குழல்.

"உங்க ஒட்டு சுத்தமா இருக்குங்க" என்றேன்.

கும்பிட்டார். "எல்லாம் தாயத்துதாங்க சார். மகளுக்கு ரெண்டு மூணு நாளாக் காய்ச்சல். இனி அவ கையில கட்டிட்டாப் போதுங்க."

"டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"இது இருக்கையில எதுக்குங்க?"

படத்தைக் காட்ட மனம் வரவில்லை. விடிந்ததும் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ப் பிள்ளையை நானே டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போகிறேன். தாயத்து அவள் கையிலேயே இருக்கட்டும்.