சிவப்பு விளக்கு இன்னும் பச்சையாகவில்லை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் என் செல்லமும் சுகம்தானே? கேட்டுவிட்டேன், பதில் வந்து சேரத்தான் வழியில்லை.

இடியில் பழைய மோடம் கருகிப்போனது உனக்குத் தெரியும். புதுசு மாட்ட இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்தான், கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்குப் பதிலாக நீ ஏற்றிவைத்த லினக்ஸைப் பார்த்து முகம் சுளித்தான், பிறகு திரையைப் பார்த்தபடியே என்னென்னவோ பேசினான். உதடு தெரிந்தால்தானே எனக்குப் பேச்சு, முதுகைக் காட்டிப் பேசினால் நான் என்ன செய்வேன்? காது கேட்காது என்று சொல்ல இந்த வயதிலும் கூச்சம், பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டி, நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வாசலில் நின்றிருந்த கீழ்வீட்டுத் தையல்காரர்தான் அப்புறம் என் முன்னால் வந்து நிதானமாகச் சொன்னார், அவனுடைய டிஸ்க் லினக்ஸில் ஓடாதாம், மீதியை நீங்களே போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டானாம். நான் தலையாட்டியதைப் பார்த்து, எனக்குத் தெரியும்போல என்று இவரும் சும்மா இருந்துவிட்டார். இப்போது ஆபீஸில் கேட்டால் கையெழுத்தைக் காட்டிக் கைவிரிக்கிறார்கள்.

நீ தையல்காரர் ஃபோனில் சொல்லி அவர் எழுதிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் அந்த வரியை எழுத்துக்கூட்டி அடித்தேன், பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன் அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டதென்று கவிழ்த்துத் தட்டினேன், துடைத்தேன், மறுபடி மறுபடி அடித்தேன், தப்பு தப்பு என்றது. அங்கே அடிப்பது கண்ணுக்கே தெரியாதாமே, தையல்காரர் உன்னைக் கேட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. காதுதான் போயிற்று என்றிருந்தேன், இது கண்ணையும் கட்டிவிட்டது. எப்படியோ அதைத் தாண்டி, கம்பெனி கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டேன். மோடத்தில் மற்ற விளக்கெல்லாம் பச்சை, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாகவே நிற்கிறது. மேலே என்ன செய்வது என்று கேட்க ஆளில்லை, தையல்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

உனக்கு நாள் நெருங்கிவிட்டதடி. அப்பா இருந்தவரை ஃபோனை அவர் கேட்டு எனக்கு வாயசைத்துச் சொல்வார். அவருக்குப் பிறகு திரையில் உன் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன், அதுவும் போனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? பிரசவத்துக்குத்தான் பக்கத்தில் இல்லை, முகத்தையாவது பார்க்க வேண்டாமா?

மாப்பிள்ளையிடம் சொல், எந்தக் கீ, எங்கே இடைவெளி என்று பெரிய எழுத்தில் எழுதி உடனே அனுப்பட்டும். நீ கனமாக எதையும் தூக்காதே, மாடிப்படியில் கைப்பிடியை விடாதே. தாயும் சேயுமாக நல்லபடியாக வீடு வந்து சேருங்கள், என் ஆயுசையும் சேர்த்து நீங்கள் இருங்கள்.

மறந்துவிடாதே, இந்த விளக்கு பச்சையாவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் மாப்பிள்ளையை ஃபோன் பண்ணச் சொல். மணி கேட்காது, ஆனால் தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வது தெரியும், கூடத்து ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். எடுத்ததும் குழந்தையின் காதில் வைக்கச் சொல். அது அழுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது அதற்குக் கேட்கட்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா