ஒரு கைக்கு ஒரு லேத்

என்னங்க,

நேர்ல பேசினா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறீங்க. அதான் எழுதி, உங்க வார்டுல ஊசி போடுற மிஸிகிட்ட கொடுத்துட்டுப் போறேன். உங்க வலது கையைப் பத்தி டாக்டர் சொன்னதை இதுல எழுதல. வாய்க்கு ஒண்ணுமில்லையாம்.

வீட்டுலயே இரும்பு கடையுற லேத் ஒண்ணு போடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, நேத்து பஸ் ஏறி ஈப்போ டவுனுக்குப் போய்ப் பார்த்தேன். பழைய மெஷின் விக்கிற கடையில மூணு காட்டினாங்க. பெருசு நம்ம பின்வாசல்ல நுழையாது. மலிவா இருந்தது ஓடும்போதே ஆடுது. சின்னதை மேசை மேல வச்சு, உக்காந்தே வேலை பார்க்கலாம்.

வலது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, எல்லாக் கைப்பிடியையும் இடது கையாலயே சுத்திப் பார்த்தேன். கடைக்காரத் தவுக்கே சிரிச்சாரு. சிரிக்கட்டும்லா, நின்னு நின்னு எனக்குக் கால் வலி, அவரைக் கவனிக்க ஏது நேரம்.

எல்லாம் சுத்துது. இரும்பைக் கவ்விப் பிடிக்குமே அந்தச் சக்கு, அதுல மாட்டுறதுதான் முடியல. ஒரு கை இரும்பைப் பிடிக்கணும், ஒரு கை சக்கோட சாவியை இறுக்கணும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதுக்கு ரெண்டு கை வேணும்னாரு.

வேணாம்னு பஸ் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டேன். அப்புறம் திரும்பிப் போய் சின்னதுக்கு முன்பணம் கட்டினேன். உங்க தம்பி கோகிலன் லோரியில ஏத்தி வருவான்.

சாவியை நீங்க இறுக்குங்க, இரும்பை நான் பிடிக்கிறேன். சரியாப் பிடிக்கலன்னு திட்டுவீங்க, தெரியும்.

திட்டுங்க. உங்க சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போக வர்ற,
உங்க வீட்டுக்காரி